ஊருக்கு வந்த நாற்பது நாள்

“எப்போ வந்தே? எப்போ கிளம்பறே?” வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் எந்தப் பெண்ணையும் ஊரில் வரவேற்பவை இந்த இரண்டு கேள்விகள்தான். முதல் கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது வந்துவிடும். கேட்கிறவர்கள் மேல் குற்றமில்லை. எத்தனை நாள் இருப்போம் என்று தெரிந்தால்தானே ஒரு வேளை சாப்பிடக் கூப்பிட நாள் குறிக்க முடியும்?

நான் ஒரு சாதாரணக் குடும்பத் தலைவி. பிளஸ் டூ வரை படித்தவள். கும்பகோணத்தில் பிறந்து, பட்டுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டு, 2006-லிருந்து ஷார்ஜாவில் குடித்தனம் செய்கிறேன். என் கணவருக்கு துபாயில் உத்தியோகம். பதினைந்து வயதில் ஒரு பெண், பத்து வயதில் ஒரு பையன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, முடிந்தால் வருஷா வருஷம், நாற்பது நாள் ஊருக்கு வருவோம். ஷார்ஜாவில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் திருச்சி. 2024-ல் திறந்த புது விமான நிலையக் கட்டடத்தைப் பார்த்து என் பையன், “அம்மா, இதுவும் கோயிலா?” என்று கேட்டான். முகப்பில் கோபுரம் மாதிரி அவ்வளவு வண்ணம்! அங்கிருந்து தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணம் தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். பிரயாணம் சுலபமாகிவிட்டது. சுலபமாகாத விஷயம் ஒன்று உண்டு. விட்டுப் போன மனுஷர்களோடு மறுபடி ஒட்டிக்கொள்வது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் லீவு விவகாரம். அமீரகத்தில் இருக்கும் நம் பாடத்திட்டப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். தமிழ்நாட்டிலோ மே மாதம் லீவு. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். நம் குழந்தைகள் ஆசையோடு வந்து இறங்கும்போது மாமன் பிள்ளைகளும் சித்தி பிள்ளைகளும் காலையில் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விடுவார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். சனி, ஞாயிறில் கோயில் குளம், ஜவுளிக்கடை எதுவும் கிடையாது. அந்த இரண்டு நாளும் பிள்ளைகளுக்கு. சுவாமி திங்கட்கிழமையும் அங்கேதான் இருப்பார்.

ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். “ஆடியில வந்து என்ன பண்ணப் போறே, ஒரு கல்யாணம் கார்த்திகூடக் கிடையாதே” என்பார்கள். என்னைக் கேட்டால் உறவு கொண்டாட ஆடி மாதிரி மாதமே இல்லை. கல்யாணத்தில் யாரிடமாவது நிம்மதியாக ஐந்து நிமிஷம் பேச முடிகிறதா? மேடையில் ஏறி போட்டோவுக்கு நின்று, பந்தியில் இடம் பிடித்து, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு இறங்கினால் சரியாக இருக்கிறது. ஆடியில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். விசேஷச் செலவும் இல்லாததால் மனசும் லேசாக இருக்கும். ஆகஸ்ட் 2 அல்லது 3-ஆம் தேதி ஆடிப்பெருக்கு. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்துவிட்ட வருஷங்களில் எங்கள் ஊர்க் காவிரியில் அதற்குள் தண்ணீர் ஓடும். எலுமிச்சம்பழ சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போனால் ஒரே காலையில் பத்து உறவுக்காரர்களைப் பார்த்துவிடலாம். காப்பரிசியை வாயில் போட்டுக்கொண்டு அத்தை பேச ஆரம்பித்தால் மூன்று தலைமுறைக் கதையும் வந்துவிடும்.

நாட்களைப் பங்கிடுவதில்தான் மனஸ்தாபம் வரும். என் வழக்கம் இது: முதல் பத்து நாள் பட்டுக்கோட்டையில் மாமியார் வீடு. அப்புறம் பிறந்த வீடு. கடைசி ஒரு வாரம் மறுபடி மாமியார் வீடு. முதலும் முடிவும் அவர்களுக்கு என்று ஆகிவிட்டால் நடுவில் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்க்க மாட்டார்கள்! என் மாமியாரே சிரித்துக்கொண்டு, “கெட்டிக்காரிதான்டி நீ” என்பார்.

சாமான் விஷயம் ஒன்று. ஒரு காலத்தில் வெளிநாட்டுக்காரர் என்றால் கோடாலித் தைலம், சென்ட், சோப்பு, டார்ச் லைட் எதிர்பார்ப்பார்கள். இப்போது அவ்வளவும் கும்பகோணம் பெரிய கடைத்தெருவிலேயே கிடைக்கிறது. நான் பேரீச்சம்பழம் மட்டும்தான் கொண்டு வருகிறேன். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு டப்பா, ஒரே ரகம். ஒருத்தருக்குப் பெரிசு, ஒருத்தருக்குச் சின்னது என்று கொடுத்தால் அடுத்த லீவு வரை அதைப் பற்றிப் பேச்சு ஓடும்.

இனி மனசு கனமான பகுதிக்கு வருகிறேன். வந்ததும் நான் போகிற முதல் வீடுகள், நான் இல்லாதபோது சாவு விழுந்த வீடுகள். செவ்வாய், வெள்ளி பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் தள்ளிப் போடாதீர்கள். என் பெரியப்பா 2021 மே மாதம் கொரோனாவில் போனார். 2020 மார்ச் 23-லிருந்து 2022 மார்ச் 27 வரை வழக்கமான சர்வதேச விமானங்களே ஓடவில்லை, ஏற்பாட்டு விமானங்கள்தான். அந்த ஏப்ரல் கடைசியில் அமீரகமும் இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு வழியை அடைத்துவிட்டது. போனால் எப்போது திரும்ப முடியும் என்று தெரியாது. எங்கள் குடும்பத்தில் வெளிநாட்டில் இருந்த ஏழு பேரில் ஒருத்தர்கூட வர முடியவில்லை. உள்ளூரில் இருந்தவர்களே தெருமுனையில்தான் நின்றார்கள்.

அடுத்த வருஷம் ஜூலையில் நான் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பதினான்கு மாதம் கழித்துத் துக்கம் விசாரிக்க வருகிறாளே என்று யாராவது நினைப்பார்களோ என்ற கூச்சம் எனக்கு இருந்தது. பெரியம்மா பாயை விரித்து உட்காரச் சொல்லிவிட்டு, காய்ச்சல் வந்த முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். என்ன கஞ்சி குடித்தார், ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது, போகும்போது கண்ணாடியை எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார், அந்தக் கண்ணாடி இன்னும் அலமாரியில் இருக்கிறது... இரண்டு மணி நேரம். நடுவில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்ததும், “இதை முழுசா இன்னிக்குத்தான்டி ஒருத்திகிட்ட சொல்றேன். பக்கத்துல இருக்கிறவங்க எல்லாம், அதையே நினைக்காதீங்கன்னு வாயை அடைச்சிடறாங்க” என்றார். காலம் கடந்துவிட்டதே என்று தயங்குகிற சகோதரிகளுக்காகத்தான் இதை எழுதினேன். துக்கத்துக்குக் கெடு கிடையாது. போங்கள், போய் ஆறுதல் சொல்ல வேண்டாம், காது கொடுத்துவிட்டு வாருங்கள்.

காது என்றதும் என் அம்மா நினைவு. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. தம்பி வீட்டில் இருக்கிறார். வாரா வாரம் நான் போனில் பேசுவேன். முன்பெல்லாம் எங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு, ஊரில் ஞாயிறு. 2022-லிருந்து அமீரகத்தில் வார விடுமுறை மாறியதால் இப்போது இரண்டு பக்கமும் ஞாயிறு. நேரம்தான் ஒன்றரை மணி வித்தியாசம். எவ்வளவு கேட்டாலும் அம்மாவின் பதில் இரண்டே வாக்கியம்தான்: “நான் நல்லாத்தான் இருக்கேன். குழந்தைகளைப் பார்த்துக்கோ.” வெளிநாட்டில் இருக்கும் பெண்ணைக் கவலைப்படுத்தக் கூடாது என்று எல்லா அம்மாக்களும் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் போலும்.

போன லீவில் நேரில் உட்கார்ந்து பேசியபோது ஒரு விஷயம் கவனித்தேன். நான் சொல்வதற்கெல்லாம் அம்மா “சரி, சரி” என்று தலையாட்டினார். “அம்மா, நாளைக்குச் சித்தியைப் பார்க்கப் போலாமா, நாளன்னிக்கா?” என்றேன். “சரி” என்றார்! என் பையன் பேசினால் ஒன்றும் பிடிபடவில்லை. என் தம்பியின் கட்டைக் குரல் மட்டும் ஓரளவு விழுந்தது. காது டாக்டரிடம் அழைத்துப் போனோம். முதலில் காதில் அடைத்திருந்த அழுக்கை எடுத்தார். அதற்குப் பிறகு அறைக்குள் உட்கார வைத்துக் கருவியில் பரிசோதனை. வயதானால் முதலில் கீச்சுக்குரல்தான் கேட்காமல் போகுமாம். அதாவது குழந்தைகள் குரலும் பெண்கள் குரலும். போனில் முகமும் உதடும் தெரியாது என்பதால் இன்னும் கஷ்டம். கவனிக்காமல் விட்டால் பேச்சுத் துணை குறைந்து, மனசு சோர்ந்து, மறதி நோய் வரும் வாய்ப்பும் கூடும் என்றார். இதை மருத்துவ உலகம் சமீப வருஷங்களில் அழுத்திச் சொல்கிறது.

கருவி வாங்கி மாட்டிவிட்டோம். “சட்டி பானை சத்தமெல்லாம் தலைக்குள்ள இடிக்குதுடி” என்று கழற்றிக் கழற்றி வைத்தார். பழகச் சில வாரம் ஆகும், முதலில் தினம் ஒரு மணி, இரண்டு மணி போதும் என்று சொல்லியிருந்தார்கள். பத்தாம் நாள் கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டு, “அது என்ன குருவியா?” என்று கேட்டார். அணில். பரவாயில்லை, கேட்டதே! உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் “சரி, சரி” என்று மட்டும் சொன்னால் உரக்கக் கத்தாதீர்கள். கத்தினால் சொல் தெளியாது. எதிரில் உட்கார்ந்து, முகம் தெரிகிற மாதிரி, நிதானமாகப் பேசுங்கள். வீட்டில் பட்ஸ் வைத்துக் காது குடைய வேண்டாம். அழுக்கு உள்ளேதான் போகும்.

அதே லீவில் இன்னொரு கண்டுபிடிப்பு. அம்மாவின் மாத்திரை டப்பாவைப் பார்த்தேன். ரத்தக் கொதிப்பு மாத்திரை எல்லாம் பாதி பாதியாக உடைத்து வைத்திருந்தது. “போன தடவை பார்த்தப்போ பிரஷர் சரியா இருக்குன்னாங்க, அதான் பாதியாக்கிட்டேன்” என்றார். மாத்திரை சாப்பிட்டதால்தான் சரியாக இருக்கிறது என்று புரிய வைக்க அரை நாள் ஆயிற்று. டாக்டர் சொல்லாமல் இந்த மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் பக்கவாதத்தில் கொண்டு போய் விடலாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். எங்கள் தெருவில் இரண்டு பாட்டிகள் அப்படித்தான் வாங்குகிறார்கள். ஆகவே விலை ஒரு சாக்கு இல்லை. லீவுக்கு வரும் பெண்கள் பீரோவைத் திறந்து புடவை பார்ப்பதற்கு முன் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு ஜாக்கிரதையும் சொல்ல வேண்டும். நாற்பது நாள் வந்துவிட்டு, “ஏன் இதைக் கவனிக்கலே, ஏன் அதைப் பண்ணலே” என்று தம்பி மனைவியிடம் கேட்க நமக்கு வாய் இல்லை. மீதி முந்நூற்றுச் சொச்ச நாளும் அம்மாவுக்கு வெந்நீர் வைப்பவள் அவள். அந்தப் பெண் கடைசியாகத் தன் பிறந்த வீட்டில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் தங்கியது எப்போது என்று விசாரித்தேன். “நாலு வருஷம் இருக்கும் அண்ணி” என்றாள். மன்னார்குடிதான் அவள் ஊர். பஸ் ஏறினால் கூப்பிடு தூரம்! காலையில் போய் சாயங்காலம் திரும்புவதே வழக்கமாகிவிட்டது. “நாளைக்கே கிளம்பு, பத்து நாள் கழிச்சு வா. அடுப்படி என் பொறுப்பு” என்றேன். நம்பவில்லை. “அத்தைக்கு ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்கணும் அண்ணி, தம்பிக்கு டப்பா கட்டணும், பால்காரர்...” என்று அடுக்கினாள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். இருபத்து மூன்று வேலை! பத்து நாளும் நான் செய்தேன். அவள் திரும்பி வந்தபோது கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. அன்று ராத்திரி அவளாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவுக்கு இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் தலை சுற்றி விழுந்ததையும், யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியதையும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் முழு விவரமும் சொல்ல முடிந்தது.

அம்மாவும் நானும் டவுன் பஸ்ஸில் ஊர் சுற்றினோம். 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே! தாராசுரம், திருவிடைமருதூர் என்று அத்தைகளும் சித்திகளும் இருக்கிற ஊருக்கெல்லாம் போனோம். காரில் போனால் வாசலில் இறங்கி வாசலில் ஏறுவோம். பஸ்ஸில் போனால் வழியில் நாலு பேர், “நீ இன்னாரு பொண்ணுதானே?” என்று பிடித்துக்கொள்வார்கள்.

என் பள்ளித் தோழி கிடைத்ததும் அப்படித்தான். ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்சு. கல்யாணம் ஆகிப் பாபநாசம் பக்கம் போனாள். சில வருஷம் இன்லண்ட் லெட்டர் ஓடியது, பிறகு நின்றுவிட்டது. பஸ்ஸில் அவள் சின்ன அண்ணியைப் பார்த்து முகவரி வாங்கினேன். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். வாசலில் என்னைப் பார்த்ததும், “வாங்க, வாங்க, உட்காருங்க” என்றாள். ‘வாங்க’ என்ற அந்த ஒரு சொல் என்னைக் குத்திவிட்டது. ஒரே இலந்தைப்பழத்தைக் கடித்துப் பகிர்ந்து தின்றவர்கள் நாங்கள்! பையனை ஓட விட்டுப் பன்னீர் சோடா வாங்கி வரச் சொன்னாள். மின்விசிறியை என் பக்கம் திருப்பினாள். “உங்களுக்கு இந்த வெயில் ஒத்துக்காதே” என்றாள். ஷார்ஜாவில் ஜூலை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பது அவளுக்கு எங்கே தெரியும்?

நான் பேச்சை விட்டுவிட்டு, மிஷினுக்குப் பக்கத்தில் கிடந்த ரவிக்கையை எடுத்துக் கொக்கி தைக்க ஆரம்பித்தேன். சும்மா உட்கார்ந்தால் விருந்தாளி, கையில் வேலை இருந்தால் வீட்டுக்காரி. மூன்றாவது கொக்கியில் அவள் எட்டிப் பார்த்து, “அடியே, அந்தப் பக்கம் இல்லடி, கண்ணு எங்க வச்சிருக்கே!” என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். பத்தாவது பரீட்சையில் என்ன எழுதினோம் என்பதிலிருந்து, அவள் கணவர் படுத்த படுக்கையாக இருந்த வருஷம் வரைக்கும் அன்று பேசினோம். அவள் என்னிடம் காசு எதுவும் கேட்கவில்லை. நானும் கவர் எதுவும் நீட்டவில்லை. ஆறு ரவிக்கைத் துணி கொடுத்து, அவள் எல்லாருக்கும் சொல்கிற கூலியைக் கொடுத்தேன். வாங்கி எண்ணிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

குழந்தைகள் பாடு தனி. அமீரகப் பள்ளிகளில் அரபு கட்டாயம் என்பதால் என் பையனுக்கு அரபு எழுத்து சரளமாக வரும். தமிழில் பஸ் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். பாட்டிக்கும் அவனுக்கும் பேச்சு ஒட்டவே இல்லை. ஒரு நாள் பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கினேன். பதினாலு குழி, கை நிறையப் புளியங்கொட்டை. அதற்குக் காதும் வேண்டாம், மொழியும் வேண்டாம். மூன்று நாளில் பையன் பாட்டியைத் தோற்கடிக்க வழி தேட ஆரம்பித்தான். பாட்டி அசருகிற ஆளா?

வெளிநாட்டில் வளரும் குழந்தைகளுக்கு நம் ஊர்த் தண்ணீர் பழக்கமிருக்காது. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே குழந்தை டாக்டரைப் பார்த்து டைபாய்டு, மஞ்சள் காமாலை தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். உறவுக்காரர் வீட்டில் கொதிக்க வைத்த தண்ணீர் கேட்பதில் வெட்கமில்லை. “வெந்நீர் கொடுங்க சித்தி, தொண்டை சரியில்லை” என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு சர்க்கரை, அரை உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. மலத்தில் ரத்தம், கண் குழி விழுவது, சிறுநீர் போகாமல் இருப்பது என்றால் உடனே டாக்டர். தெரு நாய்க்குட்டியைக் கொஞ்சும் ஆசையும் இந்தக் குழந்தைகளுக்கு உண்டு. பல்லோ நகமோ பட்டுவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே ஊசி போடப் போய்விட வேண்டும்.

திரும்புகிற நேரத்துக்குச் சாமான் கட்டுவது இன்னொரு திருவிழா. வடகம், நார்த்தங்காய், காபிப் பொடி என்று ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்து அனுப்புவார்கள். யார் எது கொடுத்தாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். அமீரகத்துக்குள் கசகசா கொண்டு போகக் கூடாது. அது அங்கே தடை செய்யப்பட்ட பொருள், பிடிபட்டால் வழக்கு. பெரியவர்களுக்கு இது தெரியாது. சில இருமல் மருந்து, வலி மாத்திரைகளுக்கும் முன் அனுமதி வேண்டும். எங்கள் ஊர்க் கடப்பாவுக்குக் கசகசா அரைத்து விடுவது வழக்கம். இட்லிக்கு அது இல்லாமல் என் கணவருக்கு இறங்காது. மன்னார்குடியிலிருந்து திரும்பிய தம்பி மனைவி, கசகசாவை விட்டுவிட்டுப் பொட்டுக்கடலையும் சோம்பும் கூடுதலாகப் போட்டு ஒரு பொடி திரித்துக் கொடுத்தாள். தேங்காயும் பச்சை மிளகாயும் அரைத்து அதோடு சேர்த்துக் கொதிக்க விட்டால் வாசனை அப்படியே வருகிறது. டப்பா மேல் அவள் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறாள்: “அண்ணி, இதில் கசகசா இல்லை. பயப்படாமல் கொண்டு போங்க.”